மாசி, பங்குனியில் பெங்களூருப் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்ததும் அல்சூர், காக்ஸ் டவுன், எலஹங்கா, ஒயிட்ஃபீல்டு என்று ஊரின் பல மூலைகளிலிருந்தும் தமிழ் நண்பர்கள் பறவைகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். விடியற்காலையில் ஜன்னலுக்கு வெளியே கேட்ட குரல், ஏரியில் புதிதாகத் தெரிந்த வாத்து, யாரோ அனுப்பிய மங்கலான படம் என்று எதுவாகவும் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் கணக்கு. இடம், பெங்களூரும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய சுற்றுவட்டாரமும்.

பெங்களூரில் வசந்தம் என்று ஒன்று உண்டா? குளிர் போனால் நேராக வெயில்தானே?

உண்டு, ஆனால் குறுகிய காலம். மழை இல்லை, வெயில் இன்னும் முழுதாக ஏறவில்லை, இலவமும் முள்முருங்கையும் இலை உதிர்த்துப் பூத்து நிற்கின்றன, புங்கை தளிர்விடத் தயாராகிறது. இந்த ஆறேழு வாரத்தில் பறவை உலகில் மூன்று காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. குளிர்காலத்துக்கு இங்கே வந்து தங்கியவை வடக்கே கிளம்பத் தயாராகின்றன. இலங்கையிலும் தென் தமிழகத்திலும் குளிர்காலத்தைக் கழித்தவை திரும்பும் வழியில் இந்தப் பீடபூமியில் இறங்கி இளைப்பாறுகின்றன. ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பவை பாட ஆரம்பித்துக் கூடு கட்டுகின்றன. போகிறவர்கள், கடந்து செல்பவர்கள், உள்ளூர்க்காரர்கள் எல்லோரையும் ஒரே காலையில் பார்க்க முடிவது இப்போதுதான். இலை உதிர்ந்த மரத்தில் பறவையைத் தேடுவதும் சுலபம்.

எவையெல்லாம் கிளம்புகின்றன? எந்த வரிசையில்?

நாள் குறித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு வரிசை உண்டு. ஏரிகளில் தட்டையான அகன்ற அலகோடு தண்ணீரை வடிகட்டித் தின்னும் தட்டைவாயன் வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் மார்ச்சுக்குள் பெரும்பாலும் போய்விடும். நீலச்சிறகு வாத்து இன்னும் கொஞ்ச நாள் தங்கும். கோரைக்கு மேலே தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்தும் மார்ச் கடைசியில் குறையத் தொடங்கும். வாலாட்டிகள், மாங்குயில், தகைவிலான் எல்லாம் ஏப்ரல் வரை கண்ணில் படும். பழுப்புக் கீச்சானும் புதருக்குள்ளிருந்து 'சக், சக்' என்று குரல் கொடுக்கும் நாணல் கதிர்க்குருவியும்தான் கடைசி ஆட்கள். ஏப்ரல் பாதி தாண்டியும் இருக்கும்.

கிளம்புவதற்கு முன் இவை தோற்றமும் மாறும். மஞ்சள் வாலாட்டியை டிசம்பரில் பார்த்தால் சாயம் போன மாதிரி இருக்கும். மார்ச்சில் பளீரென்ற மஞ்சள். நீர்நிலை ஓரத்து நாணலில் ஒளிந்து திரியும் நீலத்தொண்டைக் குருவியின் கழுத்து நீலமும் இந்த மாதங்களில்தான் முழுதாகத் தெரியும். நீண்ட பயணத்துக்காக உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும் என்பதால் நாள் முழுக்க ஓயாமல் தின்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் மனிதர்களைக்கூட அதிகம் கண்டுகொள்ளாது. நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடையாது.

சாயங்காலம் ஒரு பெரிய கூட்டம் வானத்தில் புகை போலச் சுழன்றது. என்ன பறவை?

இந்தக் காலத்தில் என்றால் பெரும்பாலும் சூறைக்குருவி. மைனாவின் உறவு. வளர்ந்த பறவைக்கு உடல் இளஞ்சிவப்பு, தலையும் இறக்கையும் வாலும் பளபளக்கும் கறுப்பு. இளசுகள் மங்கிய பழுப்பாக இருக்கும், மைனாக் கூட்டத்தில் கலந்துவிட்டால் கண்டுபிடிப்பது சிரமம்.

இவற்றின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. கோடையில் மத்திய ஆசியாவின் புல்வெளிகளில், கஜகஸ்தான் போன்ற இடங்களில், பாறை இடுக்குகளில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும். வெட்டுக்கிளி நிறைய இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் இறங்கும். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த இவை வரட்டும் என்று கற்களைக் குவித்து இடம் அமைத்துக் கொடுக்கிறார்கள். அங்கே கூடு கட்டும் காலம் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் ஜூலை, ஆகஸ்டிலேயே இந்தியாவுக்குள் நுழைந்துவிடும். ஏப்ரல் வரை இருக்கும். ஆண்டில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் வாசம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கூட்டம் புதிதாக இருக்காது.

பெங்களூரில் இவற்றைத் தேட வேண்டிய இடம் பூத்த மரம். சிவப்புப் பூவோடு நிற்கும் இலவத்தையோ முள்முருங்கையையோ காலையில் அரைமணி நேரம் பாருங்கள். தேனுக்காக முட்டி மோதிச் சண்டை போடும். தலையெல்லாம் மகரந்தம் அப்பி மஞ்சளாகியிருக்கும். கூடவே தேன்சிட்டு, கிளி, மைனா, காகம், கரிச்சான், சின்னக் குக்குறுவான் எல்லாம் வரும். உங்கள் தெருவில் ஒரு இலவ மரம் இருந்தால், 'பஞ்சு பறந்து குப்பை' என்று அதை வெட்டச் சொல்கிறவர்களிடம் தயவுசெய்து பேசிப் பாருங்கள்.

'அரிய பறவை' என்று எதைச் சொல்கிறீர்கள்?

மூன்று விதமாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒன்று, உலக அளவிலேயே எண்ணிக்கை குறைந்தது. ராமநகரத்தின் பாறைகளில் இருக்கும் பாறுக் கழுகு இந்த வகை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பாறுகளை இந்தியாவில் கொத்துக் கொத்தாகக் கொன்றது. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது 2006-ல் தடைசெய்யப்பட்டது. ராமநகரத்தின் ராமதேவர பெட்டா குன்றை 2012-ல் பாறுகளுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். இங்கே மிஞ்சியிருப்பவை மிகக் கொஞ்சம்.

இரண்டாவது, வேறு எங்கோ சாதாரணம், இங்கே அபூர்வம். வரித்தலை வாத்து கூந்தன்குளத்தில் குளிர்காலத்தில் நன்றாகத் தெரியும்; பெங்களூரு நகரத்து ஏரியில் இறங்கினால் அது செய்தி. இமயமலையைத் தாண்டிப் போகும் இந்த வாத்து 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது, இடம் சரி, காலம் தவறு. எல்லா வாலாட்டிகளும் போன பின் ஜூனில் ஒரு மஞ்சள் வாலாட்டி நின்றால், அது டிசம்பரில் பார்த்த பத்து வாலாட்டியைவிட முக்கியமான தகவல். இந்த மூன்றாவது வகையை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

நான் பார்த்தது அரிய பறவைதான் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில், அடிக்கடி ஏமாற்றும் சாதாரணப் பறவைகளைக் கழித்துவிடுங்கள். 'ஹம்மிங் பறவை பார்த்தேன்' என்று வரும் படங்கள் எல்லாமே தேன்சிட்டுதான். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடுமாக, பழுப்பு நிறத்தில், சிவந்த கண்ணோடு ஒரு பெரிய பறவை வந்தால் அது பெண் குயில். கறுப்பாக இருப்பது ஆண் மட்டும்தான். நெஞ்சில் வரிகளோடு வல்லூறு மாதிரி வந்து கிளையில் உட்கார்ந்து, அப்புறம் 'அக்கக்கா, அக்கக்கா' என்று சுருதி ஏறிக்கொண்டே போனால் அது அக்கா குயில். ஏரிக்கரையில் முதுகு கருஞ்சிவப்பாக ஒரு கொக்கைப் பார்த்தால் அது நாம் தினம் பார்க்கும் மடையான். இனப்பெருக்கக் காலத்துக்கு வேஷம் மாற்றியிருக்கிறது.

இவற்றைத் தாண்டியும் சந்தேகம் இருந்தால் நுணுக்கம் பார்க்க வேண்டும். நந்தி மலையில் எல்லோரும் தேடும் காஷ்மீர் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்வோம். அதைப் போலவே சிவந்த தொண்டையுள்ள வேறு ஈப்பிடிப்பான்களும் குளிர்காலத்தில் வருகின்றன. காஷ்மீர் ஆணுக்குச் சிவப்பு தொண்டையோடு நிற்காமல் வயிறு வரை இறங்கும், அந்தச் சிவப்பின் இரு ஓரத்திலும் கறுப்புக் கரை இருக்கும். இப்படி ஒரு அடையாளத்தையாவது பார்த்துச் சொல்ல முடிந்தால்தான் பெயர் வைக்க வேண்டும். முடியவில்லையா, 'ஈப்பிடிப்பான், வகை தெரியவில்லை' என்று எழுதுங்கள். அது நேர்மையான, பயனுள்ள பதிவு.

கைபேசியில் குரலைப் பதிந்து வைப்பது நல்லது. மெர்லின் செயலி குரலை வைத்துப் பெயர் சொல்லும். அது சொல்வதைத் துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைக் கண்ணால் தேடுங்கள்.

அல்சூர்ப் பக்கம் இருக்கிறேன். பக்கத்திலேயே எங்கே போகலாம்?

அல்சூர் ஏரிக்கே போங்கள். தமிழ்ச் சங்கத்துக்கு வரும்போதும், 2009-ல் திறந்த திருவள்ளுவர் சிலையைப் பார்க்க வரும்போதும் அந்த ஏரியைக் கடந்திருப்பீர்கள். அங்குள்ள தீவு மரங்களில் நீர்க்காகமும் வக்காவும் அடையும். மேலே கள்ளப்பருந்தும் செம்பருந்தும் வட்டமிடும். அவ்வப்போது கூழைக்கடா இறங்கும். அரிய பறவைக்கான இடம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தினமும் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஏரிதான் பறவை பார்க்கிறவருக்கு மிக மதிப்பானது. மாற்றம் தெரிய வேண்டுமானால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால் லால்பாக். குளிர்காலம் முழுக்க அங்கே நீல ஈப்பிடிப்பானும், நீண்ட வாலைப் பட்டு நாடாவாக இழுத்துக்கொண்டு பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பானும் இருக்கும். மார்ச் வரை வாய்ப்பு உண்டு. மரப்பொந்துகளில் புள்ளி ஆந்தையைத் தேடுங்கள். வடக்கில் ஜக்கூர், ராசேனஹள்ளி, ஹெப்பாள் ஏரிகள் நீர்ப்பறவைக்கு நல்லவை.

ஹெசரகட்டா புல்வெளிக்கு ஒரு தனி வேண்டுகோள். பூனைப்பருந்துகள் ராத்திரியில் அங்கே தரையில், புல்லுக்குள் கூட்டமாகத் தங்கும். மண்பாதையை விட்டு காரையோ பைக்கையோ புல்லில் இறக்காதீர்கள். வானம்பாடிகள் கூடு வைப்பதும் அந்தத் தரையில்தான். மரம் இல்லாத இடம் என்பதால் அதைக் காலி மனை என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது புல்வெளிப் பறவைகளின் வீடு. நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொன்று இல்லை.

நந்தி மலைக்குப் போனால் என்ன கிடைக்கும்?

1,478 மீட்டர் உயரம், மேலே ஈரமான சோலை போன்ற மரக்கூட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இருக்க வேண்டிய நீலகிரி காட்டுப்புறா, அந்தத் தொடரிலிருந்து விலகி இங்கே தனியாக ஒரு சிறு கூட்டமாக வாழ்கிறது. பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் உண்டு. தீபகற்பத்தின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாத பறவை அது. சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையும் கேட்கலாம்.

மார்ச் கடைசியில் இன்னொரு வாய்ப்பு கூடும். இலங்கையிலிருந்து இமயமலைக்குத் திரும்பும் பூங்குருவிகளும் நீல ராபினும் சருகு நிறைந்த நிழலில் இறங்கிப் புழு பொறுக்கும். ஆறுமணிக்குருவி திரும்பும் காலம் இன்னும் கொஞ்சம் தள்ளி, ஏப்ரல் பிற்பகுதியில். அது நகரத்து வீட்டுத் தோட்டத்திலும் களைத்துப்போய் இறங்கும், கண்ணாடி ஜன்னலில் மோதிக்கொள்ளும்.

சனி, ஞாயிறு வேண்டாம். சூரிய உதயம் பார்க்க வரும் வண்டிக் கூட்டத்தில் எதுவும் கேட்காது. வார நாளில் போங்கள்.

எங்கள் ஏரியைப் புதுப்பித்த பிறகு உள்ளான்கள் வருவதே இல்லை. ஏன்?

முக்கியமான கேள்வி, பதிலும் வேதனையானது. பழைய ஏரிகள் கரையில் ஆழம் குறைந்து மெல்லச் சரிந்து போகும். கோடை நெருங்கும்போது நீர் வற்றி, ஓரத்தில் சேறு வெளிப்படும். பொறி உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் அந்தச் சேற்றில்தான் புழு தேடும். பயணத்துக்கு முன் அவற்றுக்குத் தீனி தேவைப்படுவதும் அப்போதுதான்.

புதுப்பிக்கும்போது என்ன செய்கிறார்கள்? தூரை முழுக்க அள்ளி, கரையை உயர்த்திக் கல் பதித்து, சுற்றி நடைபாதை போட்டு, ஏரியை ஒரு சூப் கிண்ணம் போல ஆக்கிவிடுகிறார்கள். உள்ளே ஆண்டு முழுக்க ஆழமான தண்ணீர். நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் அது போதும். சேற்றில் நடக்கும் பறவைக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. ஜக்கூரில் சுத்திகரித்த கழிவுநீர் நேராக ஏரியில் விழாமல் நாணலும் சம்பும் வளர்ந்த ஈரநிலத்தைக் கடந்து வருகிறது. அங்கே ஆழமற்ற பகுதி இருப்பதால் பறவை வகையும் அதிகம். உங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஏரிக் குழுவில் குரல் இருந்தால், ஒரு பக்கத்தையாவது ஆழமில்லாமல் விடச் சொல்லிக் கேளுங்கள். நடைபாதையில் ராத்திரி முழுக்க எரியும் விளக்கைக் குறைக்கவும் சொல்லுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் பயணம். எங்கே?

யோசிக்காமல் சொல்வேன், கொக்கரே பெள்ளூர். மைசூர் நெடுஞ்சாலையில் மத்தூர் பக்கம், மண்டியா மாவட்டம். ஊருக்கு நடுவே, வீட்டுக் கூரைகளுக்கு மேலே உள்ள புளிய மரங்களிலும் அத்தி மரங்களிலும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு வைக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் போனால் குஞ்சுகளின் சத்தத்தில் பேச முடியாது. ஊர்க்காரர்கள் இவற்றைத் தலைமுறைகளாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கீழே விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்து விடுவதற்கு 'ஹெஜ்ஜார்லே பளகா' என்ற உள்ளூர்க் குழு இருக்கிறது. 2007-ல் இது சமூகக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. நீங்கள் நிற்பது இன்னொருவர் வீட்டு வாசல் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கேட்டுவிட்டு நில்லுங்கள், அங்கேயே ஒரு கடையில் டீ குடியுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் ரங்கனதிட்டு. சலீம் அலி எடுத்துச் சொன்னதன் பேரில் மைசூர் அரசு 1940-ல் சரணாலயமாக்கிய காவிரித் தீவுகள். இரண்டையும் ஒரே நாளில் என்றால் குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்? கேமரா வேண்டுமா?

விடிந்த முதல் இரண்டு மணி நேரம். பிப்ரவரியில் சூரியன் ஆறே முக்கால் ஒட்டி எழும், மார்ச் கடைசியில் அரைமணி நேரம் முன்னதாக. கேமரா வேண்டாம், 8x42 என்று எழுதிய பைனாகுலர் ஒன்று போதும், ஒரு நோட்டு, தண்ணீர், தொப்பி. பளிச்சென்ற வெள்ளைச் சட்டையைத் தவிர்க்கலாம்.

பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலைக் கைபேசியில் போடலாமா?

கூடாது. கூடு கட்டும் காலத்தில் அந்தக் குரலைக் கேட்கும் ஆண், எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். அதேபோல ஆந்தை அடையும் மரம், கழுகுக் கூடு, பூனைப்பருந்து தங்கும் இடம் ஆகியவற்றின் சரியான இருப்பிடத்தைக் குழுக்களில் பகிராதீர்கள். மறுநாளே முப்பது கேமராக்கள் நிற்கும்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது? என் பதிவால் யாருக்கு என்ன பயன்?

ஈபேர்டு தளத்தில். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கியது, இலவசம். இந்தியாவில் பேர்டு கவுன்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு இதை ஒருங்கிணைக்கிறது. அபூர்வமான பதிவு என்றால் சரிபார்க்க வேண்டியது என்று தளமே குறித்துக் காட்டும். உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் படமோ விளக்கமோ கேட்பார். அவர் கேட்பது உங்களை நம்பாமல் அல்ல, பத்து ஆண்டு கழித்து அதைப் படிக்கிறவருக்காக. பிப்ரவரி நடுவில் வெள்ளி முதல் திங்கள் வரை நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பு தொடங்குவதற்கு நல்ல வாசல்: பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணி எழுதினால் போதும், மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம்.

பயன் என்ன என்பதற்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒரு பறவை வந்து சேரும் நாளைக் குறிப்பது எளிது: நேற்று இல்லை, இன்று இருக்கிறது, அவ்வளவுதான். கிளம்பும் நாள் அப்படித் தெரியாது. இன்று பார்த்த பழுப்புக் கீச்சான் நாளைக்கும் அதே வேலியில் உட்காரும் என்றே நினைப்போம். ஒரு வாரம் கழித்துத்தான் அது இல்லை என்பது உறைக்கும். அதற்குள் கடைசியாகப் பார்த்த நாள் நினைவிலிருந்து போயிருக்கும். எல்லோரும் அரிய பறவையைத் தேடி ஓடுவதால் சாதாரணப் பறவைகளின் புறப்பாடு சரியாகப் பதிவாகாமல் போகிறது. கோடை முன்னதாக வந்தால் இவை முன்னதாகப் போகின்றனவா, ஏரி மாறினால் தங்கும் நாள் குறைகிறதா என்ற கேள்விகளுக்கு விடை அந்தப் பதிவுகளில்தான் இருக்கிறது.

ஆகவே, மார்ச் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் முடியும் வரை ஒரே இடத்தில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பதினைந்து நிமிடம் பாருங்கள். பார்த்ததையெல்லாம் எழுதுங்கள், காகத்தையும் விடாமல். முழுப் பட்டியல் என்று குறித்து அனுப்பினால், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்பதும் தகவலாகிவிடும்.

வெயிலில் மயங்கி விழுந்த பறவையை என்ன செய்வது?

காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, அதில் வைத்து மூடி, இருட்டாக அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஜன்னலில் மோதிய பறவை பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்து பறந்துவிடும். மாஞ்சா நூலில் சிக்கிய பருந்தை நீங்களே இழுக்க வேண்டாம், காட்டுயிர் மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாடியில் அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள்.

ஏப்ரலுக்கு அப்புறம் எல்லாம் முடிந்துவிடுமா?

இல்லை. குண்டுகரிச்சான் பாட்டு அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிட அலையும். மழை நெருங்கும்போது சுடலைக் குயில் வரும். நீளவால் இலைக்கோழி நீண்ட வாலோடு அல்லி இலைகள் மேல் நடக்கும். வலசைப் பறவைகளில் முதலில் திரும்பி வருவது ஓடைக் கரையில் தனியாக வாலை ஆட்டிக்கொண்டு திரியும் சாம்பல் வாலாட்டி. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் எதிர்பார்க்கலாம்.